கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கத்துகிறவர்களை என்ன செய்வது?

சனிக்கிழமை காலை ஏழு மணி, ஸ்காபரோவில் ஒரு நகரசபை அரீனா. பத்து வயதுப் பிள்ளைகளின் ஹவுஸ் லீக் ஐஸ் ஹொக்கி, அதாவது ஒரே சங்கத்து அணிகள் தங்களுக்குள் ஆடுவது. பனித்தரையில் நடுவர்கள் இரண்டு பேர். மூத்தவனுக்கே பதினாறு வயது இருக்காது. சின்னவன் ஓஃப்சைட் என்று விசில் ஊதினான். ஒரு தகப்பன் கண்ணாடியில் ஓங்கி அடித்து, தன் மகனைப் பார்த்து யாராவது சொன்னால் கைகலப்பாகிவிடக்கூடிய சொல் ஒன்றை அந்தப் பையனைப் பார்த்துச் சொன்னார். பையன் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கும் அடுத்த ஃபேஸ்-ஓஃபுக்குப் போனான். பெரியவர்கள் இருபது பேர் அங்கே நின்றோம், கையில் கோப்பியோடு.

அடுத்த சீசன் நடுவர் பட்டியலில் அந்தப் பையன் இல்லை. ஏன் விட்டாய் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தகப்பனுக்கு மின்னஞ்சல் ஒன்று போனதாகச் சொன்னார்கள்.

இந்த வசந்தத்தில் எங்கள் சிறுவர் ஹொக்கிச் சங்கத்தில் இதே விஷயம் மேசைக்கு வந்தது. வருகிற சீசனுக்குப் பெற்றோர் நடத்தை பற்றி என்ன விதி வைப்பது? தொண்டராகப் போன என்னிடம், மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுதித் தரச் சொன்னார்கள். அப்படிச் சேர்த்ததைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் பக்கம் அணி மனேஜராகவும் சங்கக் குழுவிலும் இப்போது நம்மவர்கள் இருக்கிறார்கள். இதே கேள்வி அவர்கள் மேசைக்கும் வரும், அல்லது ஏற்கெனவே வந்திருக்கும்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இங்கே ஒரு அரீனாவில் பனித்தரை மணிக்கணக்கில் வாடகைக்கு. பிள்ளைகளின் ஹவுஸ் லீக் ஆட்டத்துக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 50 நிமிடம். அதன்பின் ஸம்போனி வண்டி வந்து பனியைச் செப்பனிடும், அடுத்த அணி வாசலில் நிற்கும். ஆட்டம் முடியாவிட்டாலும் நேரம் முடிந்தால் முடிந்ததுதான். இதை ஹொக்கிக்காரர் 'கர்ஃபியூ' என்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது, அது வேறு கதை. ஆனால் இந்த 50 நிமிடத்தை மனதில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

கத்துவதில் வகை உண்டு

எல்லாக் கத்தலும் ஒன்றல்ல. "அடி, அடி, கோலைப் பார்த்து அடி" என்று பெஞ்சில் ஒரு கோச் இருக்கும்போதே மேலே நின்று இன்னொரு கோச்சாக மாறுவது ஒரு வகை. தொல்லைதான், ஆனால் குற்றமில்லை. நடுவரையோ எதிரணிப் பிள்ளையையோ பெயர் சொல்லி, நிறம் சொல்லி, அல்லது கெட்ட வார்த்தையால் தாக்குவது இரண்டாவது. மிரட்டல், கைவைத்தல் மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் முதல் வகைக்காரர் கோபப்படுவார், மூன்றாம் வகைக்காரர் சிரிப்பார்.

மூன்றாவது வகை எங்கே போய் முடியலாம் என்று வட அமெரிக்க ஹொக்கிக்குத் தெரியும். 2000 ஜூலையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ரெடிங் நகரத்து அரீனாவில், பிள்ளைகளின் பயிற்சி ஆட்டம் முரட்டுத்தனமாகப் போகிறது என்று ஒரு தகப்பன், அதை மேற்பார்வை செய்துகொண்டிருந்த இன்னொரு தகப்பனை அடித்தார். அடிபட்டவர் இறந்துபோனார். அவருடைய பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள். 2002இல் அடித்தவருக்கு ஆறு முதல் பத்து ஆண்டுச் சிறை. இந்த வழக்குக்குப் பிறகுதான் 'பெற்றோர் நடத்தை' என்பது பலருக்குக் கூட்ட அறிக்கையில் வரும் ஒரு சொற்றொடருக்கு மேலானதாயிற்று.

ஆனால் பெரும்பாலான சனிக்கிழமைகளில் நாம் காண்பது இரண்டாவது வகை. அதனால் ஒவ்வொரு யோசனையிடமும் இரண்டு கேள்வி கேட்டேன். கத்துகிற அந்த நிமிடத்திலேயே இது வேலை செய்யுமா? இதன் பாரம் யார் தலையில் விழுகிறது? இரண்டாவது கேள்விதான் முக்கியம், ஏனென்றால் பெரும்பாலான திட்டங்கள் அதைக் கடைசியில் அந்தப் பதினைந்து வயதுப் பையன் தலையில் இறக்கிவிடுகின்றன.

சீசனுக்கு முன்னால் செய்பவை

கனடாவில் அதிகம் கேள்விப்படுவது 'ரெஸ்பெக்ட் இன் ஸ்போர்ட்' என்ற இணையப் பாடம். வட அமெரிக்காவின் தொழில்முறை ஹொக்கி லீக்கான என்எச்எல்லில் வீரராக இருந்த ஷெல்டன் கென்னடி, தன் பழைய பயிற்சியாளர் தன்மீது செய்த பாலியல் கொடுமையை 1997இல் வெளியே சொன்னவர். அவரும் வெய்ன் மெக்நீலும் 2004இல் தொடங்கிய நிறுவனத்தின் பாடம் இது. 2010இல் கல்கரி நகரத்துச் சிறுவர் ஹொக்கிச் சங்கம் பெற்றோருக்கு இதைக் கட்டாயமாக்கியது. பிறகு மற்ற இடங்களும், ஒன்ராறியோ உட்பட, பின்தொடர்ந்தன. ஒரு மணித்தியாலப் பாடம். வீட்டுக்கு ஒருவர் முடித்தால் போதும், பிள்ளையைப் பதியலாம்.

அந்த 'வீட்டுக்கு ஒருவர்' என்பதில்தான் பிடி வழுக்குகிறது. எங்கள் வீட்டில் பாடத்தை முடித்தது மனைவி, இரவு பத்தரைக்கு, துணி மடித்துக்கொண்டு. அவர் அரீனாவில் வாயே திறப்பதில்லை. கத்துகிற தகப்பன்மாரில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்? மாமா, சித்தப்பா, வார இறுதிக்கு வந்த பெரியப்பா யாரையும் அது தொடுவதே இல்லை. பாடம் மோசமில்லை. நல்லதும் கெட்டதும் தெரியாமல் கத்துகிறவருக்கு அது உதவும். தெரிந்துகொண்டே கத்துகிறவருக்கு? பதிவு செய்யும்போது கேட்கும் இன்னொரு பெட்டி, ஒரு சரி போட்டுவிட்டுத் தாண்டிப் போகலாம். வைத்திருக்கலாம், அதை நம்பி இருக்கக்கூடாது.

நடத்தை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதும் அதே கதைதான். அதோடு ஒட்டி வரும் '24 மணி நேர விதி' மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆட்டம் முடிந்து ஒரு நாள் கழியும்வரை கோச்சிடம் முறைப்பாடு கொண்டுபோகக் கூடாது. என் பிள்ளையை ஏன் மூன்றாவது வரிசையில் விட்டாய் என்று கேட்கும் ஆத்திரம் ஞாயிறு மத்தியானத்துக்குள் பாதியாகிவிடும். கோச்சுக்கும் பெற்றோருக்கும் இடையே இது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் கூட்டத்தில் நின்று கத்துகிறவர் 24 மணி நேரம் காத்திருந்து கத்துவதில்லையே.

மௌனம், வெறும் இருக்கை

உதைபந்தாட்டக்காரர்கள் கண்டுபிடித்த ஒன்று உண்டு. 1999இல் ஒஹாயோவில் ஒரு சிறுமியர் லீக், ஒரு ஞாயிறு முழுக்கப் பெற்றோர் யாரும் பேசக்கூடாது என்று வைத்தது. பிறகு பல நாடுகளில் இதைப் பரீட்சித்தார்கள். சில இடங்களில் பெற்றோர் வாயில் வைக்க லொலிபொப் கொடுத்தார்கள். யோசனை அழகானது. சீசன் தொடக்கத்தில் ஒரு வாரம் செய்யலாம். தங்கள் சத்தம் இல்லாமல் ஆட்டம் எப்படி இருக்கும், பிள்ளைகள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பெற்றோர் கேட்பார்கள். ஆனால் மௌன விரதம் முடிந்த அடுத்த சனிக்கிழமை எல்லாம் பழையபடி. மகன் கோல் போட்டால் "அப்படிப் போடு!" என்று சொல்லவும் முடியாத ஹொக்கி எனக்கு வேண்டாம்.

ஆட்களையே விடாமல் செய்வது அதைவிடக் கடுமையான வழி. 2016இல் வன்கூவர் தீவின் சிறுவர் ஹொக்கி நிர்வாகம், நிலைமை திருந்தாவிட்டால் ஒரு வார இறுதி பார்வையாளரே இல்லாமல் ஆடவைப்போம் என்று பெற்றோரை எச்சரித்தது. செய்தி நாடு முழுக்கப் போனது. கொரோனா காலத்தில் பல அரீனாக்களில் வேறு காரணத்துக்காக அப்படித்தான் ஆடினார்கள். நடுவர்களுக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சின்னப் பிள்ளைக்குச் சறுக்கும் சப்பாத்தின் கயிற்றை இறுக்கிக் கட்ட யாராவது உள்ளே போகத்தான் வேண்டும். இந்தக் குளிரில் முக்கால் மணி நேரம் ஓடி வந்த தாயைக் காரிலேயே இரு என்று சொல்வது எந்த நியாயம்? ஒருவர் கத்தினார் என்று சால்வை போர்த்திக்கொண்டு மூலையில் சத்தமில்லாமல் இருக்கும் அம்மம்மாவையும் சேர்த்து வெளியே அனுப்புகிற திட்டம் இது. எச்சரிக்கையாக ஒரு தடவை பயன்படும், விதியாக முடியாது.

இதற்கும் அதற்கும் நடுவில் யாரும் திட்டமாக எழுதாத ஒன்று இருக்கிறது. ஒன்ராறியோவின் பல அரீனாக்களில் மேல்மாடியில் சூடேற்றிய கண்ணாடி அறை உண்டு. அங்கிருந்து கத்தினால் கீழே கேட்காது. நடுவரோடு வாய்த்தர்க்கம் பண்ணுகிறவர்கள் எல்லாரும் பனித்தரையை ஒட்டிய கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டுதான் நிற்பார்கள். அந்தக் கண்ணாடி ஓரத்தில் யாரும் நிற்கக்கூடாது, இருக்கையிலோ மேல் அறையிலோ இருங்கள் என்று ஒரே ஒரு பலகை வைக்கலாம். செலவே இல்லை. இதை எங்கள் கூட்டத்தில் சொன்னபோது, கடைசி நிகழ்ச்சிநிரலுக்கு வந்துவிட்ட களைப்பில் எல்லாரும் தலையாட்டிவிட்டார்கள்.

அணியைத் தண்டிப்பது

மின்னசோட்டா மாநிலத்தில் 'ஃபெயர் பிளே' புள்ளி என்று ஒரு முறை உண்டு. ஒரு அணி ஓர் ஆட்டத்தில் வாங்கும் பெனால்ட்டி நிமிடங்கள் (தவறு செய்த ஆட்டக்காரர் வெளியே உட்காரும் நேரம்) குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால் வெற்றி தோல்வி பாராமல் ஒரு புள்ளி அதிகம். கியூபெக்கிலும் இதே மனப்பாங்கில் ஒரு முறை பல காலமாக இருக்கிறது. இதைப் பெற்றோருக்கும் நீட்டலாமே என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். உங்கள் பக்கத்துக் கூட்டத்தில் ஒருவர் வெளியேற்றப்பட்டால் உங்கள் அணிக்கு ஒரு புள்ளி குறையும்.

உண்மையைச் சொன்னால், இவ்வளவு யோசனைகளிலும் கையில் அதிகப் பலம் உள்ளது இதுதான். புள்ளி போகும் என்றால் பக்கத்தில் நிற்கும் பெற்றோர் தாங்களே அந்த ஆளை அமர்த்திவிடுவார்கள். சங்கம் ஒரு விரலும் அசைக்கத் தேவையில்லை. அதனாலேயே நான் நிறைய நேரம் யோசித்தேன். பிறகு உடைமாற்றும் அறையை நினைத்தேன். "உன் அப்பாவால்தான் நாங்கள் அரையிறுதிக்குப் போகவில்லை" என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இன்னொரு பிள்ளை சொல்வதை. அந்தப் பிள்ளை ஏற்கெனவே கண்ணாடிக்கு வெளியே இருந்து வரும் சத்தத்தில் கூனிக் குறுகி ஆடுகிறது. ஆட்டக்காரன் தன் தடியால் வாங்கிய பெனால்ட்டிக்கு அவன் அணி புள்ளியை இழப்பது நியாயம். தகப்பனுடைய வாய்க்கு மகனிடம் தண்டம் கேட்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. குழுவில் மூன்று பேர் இன்னும் இதற்குத்தான் ஆதரவு. அவர்கள் சொல்வதில் அறிவு இருக்கிறது, என்னைவிடப் பலருக்குப் பிள்ளைகளை நன்றாகத் தெரியும். நான் மாறவில்லை.

தடை, தண்டம், விசில் கையில் கொடுத்தல்

பணத் தண்டத்தை ஒரு வரியில் முடிக்கலாம்: வெளியூர்களுக்குப் போய் ஆடும் பயண அணிக்கு ஆயிரக்கணக்கான டொலர் கட்டுகிற பெற்றோருக்கு நூறு டொலர் என்பது கத்துவதற்கான அனுமதிச் சீட்டு.

தடை வேறு. ஆட்டங்களுக்கு வரக்கூடாது என்று சங்கம் சொல்லலாம். அதையும் மீறினால் கட்டடத்தின் சொந்தக்காரரான நகரசபை, ஒன்ராறியோவின் அத்துமீறல் சட்டத்தின்கீழ் உள்ளே வரக்கூடாது என்று அறிவித்தல் கொடுக்கலாம். அதற்குப் பிறகும் வந்தால் பொலிஸ் விஷயம். மூன்றாவது வகை நடத்தைக்கு, அதாவது மிரட்டலுக்கும் கைவைத்தலுக்கும், வேறு எதையும் பேசிக்கொண்டிருக்கக் கூடாது, நேராக இதுதான்.

இரண்டாவது வகைக்குத் தடையில் ஒரு சிக்கல் வருகிறது. யாருக்கு எத்தனை நாள் என்று ஒவ்வொரு தடவையும் குழு கூடித் தீர்மானித்தால், கோச்சின் நண்பருக்கு ஓர் அளவு, புதிதாக வந்தவருக்கு வேறு அளவு. கோயில் நிர்வாகத்திலும் பழைய மாணவர் சங்கத்திலும் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதனால் அளவை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். முதல் தடவை அந்த ஆட்டம் முடியும்வரை வெளியே. இரண்டாவது தடவை அடுத்த மூன்று ஆட்டம். மூன்றாவது தடவை சீசன் முடியும்வரை. பிள்ளை தொடர்ந்து ஆடும், வாசலில் இறக்கிவிட வேறொருவர் ஒழுங்கு செய்யப்படும். தடைபட்டவர் வீட்டில் இருந்து, ஆட்டத்தை இணையத்தில் நேரலையாகக் காட்டும் லைவ்பார்ன் கமெராவில் பார்க்கட்டுமே. பல அரீனாக்களில் அது இருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்து யாரும் எவ்வளவும் கத்தலாம்.

நியூ ஜேர்சியின் டெப்ட்ஃபர்ட் என்ற ஊர் பேஸ்போல் லீக் 2023இல் செய்தது எல்லாரையும் சிரிக்கவைத்தது. நடுவரைத் திட்டிய பெற்றோர் மூன்று ஆட்டங்களுக்குத் தாங்களே நடுவராக நிற்க வேண்டும். இல்லையென்றால் ஒரு வருடம் தடை. நானும் முதலில் துள்ளினேன். பிறகு ஒரு கேள்வி. பேஸ்போலில் நின்ற இடத்தில் நின்று பார்க்கலாம். ஹொக்கியில் நடுவராக நிற்கப் பின்பக்கமாகச் சறுக்கத் தெரிய வேண்டும். எங்கள் பெற்றோரில் பாதிப்பேர், நான் உட்பட, பனியில் நிற்கவே சுவரைப் பிடிப்பவர்கள். ஆனால் நேரப் பெட்டியில் உட்கார்ந்து கடிகாரம் ஓட்டச் சொல்லலாம். நடுவர் எவ்வளவு விரைவில் எத்தனை விஷயத்தைத் தீர்மானிக்கிறார் என்று அங்கிருந்து பார்த்தால் தெரியும். இரண்டாவது தடவைக்கு மூன்று ஆட்டத் தடைக்குப் பதில் இதையும் தெரிவாக வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்துவது

யூஎஸ்ஏ ஹொக்கி, அதாவது அமெரிக்காவின் தேசிய ஹொக்கி அமைப்பு, இதில் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. அவர்களுடைய 'ஸீரோ டொலரன்ஸ்' கொள்கைப்படி, பார்வையாளர் ஒருவர் உரத்த குரலில் ஆபாசமாகப் பேசினால், ஆட்டக்காரரையோ நடுவரையோ மற்றப் பார்வையாளரையோ சீண்டினால், மிரட்டினால், எதையாவது எறிந்தால், நடுவர் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். யார் என்று கோச்சிடம் காட்ட வேண்டும். அந்த ஆள் பார்வையிடத்தை விட்டு வெளியே போனபிறகுதான் ஆட்டம் தொடரும். இழந்த நேரம் திருப்பித் தரப்படாது.

அந்தக் கடைசி வரியில்தான் சூட்சுமம். மேலே 50 நிமிடத்தை மனதில் வைக்கச் சொன்னேன் அல்லவா? பனியின் வாடகையை எல்லாப் பெற்றோரும் சேர்ந்து கட்டியிருக்கிறார்கள். கடிகாரம் ஓடுகிறது, பிள்ளைகள் பெஞ்ச் அருகே முழங்காலில் நிற்கிறார்கள், ஸம்போனி ஓட்டுநர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார். அரீனா முழுக்க அமைதி. அந்த அமைதியில் ஒருவர் தன் கோப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போக வேண்டும். மின்னஞ்சலுக்குப் பதில் போடாமல் இருக்கலாம். இதிலிருந்து ஒளிய இடமில்லை. புள்ளி முறையில் இருக்கும் அதே ஊர்ப் பார்வை இங்கேயும் இருக்கிறது, ஆனால் யாருடைய மகனும் அட்டவணையில் தோற்பதில்லை. பிள்ளைகளுக்கு நட்டம் மூன்று நான்கு நிமிடம்; இரண்டு அணிக்கும் சமம்.

சரி, அப்படியானால் இதையே எடுத்துக்கொள்ளலாமே? எடுக்கலாம், ஆனால் இரண்டாவது கேள்வி இங்கேதான் கடிக்கிறது. ஆட்டத்தை நிறுத்தி, ஆளைக் காட்டி, நாற்பது வயது மனிதரை வெளியேற்ற வேண்டியவர் யார்? அதே பதினைந்து வயதுப் பையன். சீருடை போட்டிருக்கிறான், விசில் இருக்கிறது, அதைத் தவிர அவனிடம் ஒன்றும் இல்லை. நேற்று வரை அந்த ஆளை 'அங்கிள்' என்று கூப்பிட்டவனாகக்கூட இருக்கலாம். எங்கள் பிள்ளைகள் பெரியவரை எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள். அவன் விசிலை ஊதமாட்டான். முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஃபேஸ்-ஓஃபுக்குப் போவான்.

கனடாவின் சில பகுதிகளில் பதினெட்டு வயதுக்குக் குறைந்த நடுவருக்குப் பச்சைக் கைப்பட்டி கட்டிவிடுகிறார்கள். இவன் பிள்ளை என்று கூட்டத்துக்கு ஞாபகப்படுத்த. நல்ல காரியம்தான், சிலருடைய வாய் நிச்சயம் அடங்கும். ஆனால் அந்தப் பட்டி கருணையைக் கேட்கிறது. கருணை இல்லாதவரிடம் பச்சை நிறம் என்ன செய்யும்?

கூட்டத்துக்குள் ஒரு பெரியவர்

ஆகவே நான் முன்வைத்தது இரண்டையும் பிணைத்த ஒன்று. ஆட்டத்தை நிறுத்தும் அமெரிக்க விதியை எடுப்பது. ஆளை வெளியேற்றும் பாரத்தை மட்டும் நடுவரிடமிருந்து இறக்கிப் பெரியவர் கையில் கொடுப்பது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒவ்வொரு அணியும் ஒரு பெற்றோரின் பெயரை ஆட்டத் தாளில் எழுத வேண்டும். அவர் மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு தன் அணிப் பக்கத்துக் கூட்டத்தில் நிற்பார். பெயர் இல்லையென்றால் ஆட்டம் தொடங்காது. நடுவர் செய்ய வேண்டியது ஒன்றே: விசில் ஊதி, கையை உயர்த்தி, நேரப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்பது. யார் என்று காட்டத் தேவையில்லை, ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. யார் கத்தினார் என்று மஞ்சள் மேலங்கிக்குத் தெரியும், பக்கத்தில்தானே நிற்கிறார். வெளியே அனுப்புவதும், அறிக்கை எழுதுவதும் அவர் வேலை. பெரும்பாலும் அதற்கு முன்பே, குரல் உயரும்போதே, போய் ஒரு கதை கதைத்து ஆளைத் திருப்பிவிடுவார்.

ஆள் கிடைக்குமா என்று கேட்டார்கள். எங்களுக்கு ஏற்கெனவே பெஞ்சில், காயம் பட்டால் பார்க்கப் பயிற்சி பெற்ற ட்ரெயினர் ஒருவர் வேண்டும். உடைமாற்றும் அறையில் பெரியவர் இரண்டு பேர் இருக்க வேண்டும். அதற்கெல்லாம் ஆள் கிடைக்கிறது, ஏனென்றால் இல்லாவிட்டால் ஆட முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். பதினைந்து குடும்பம் உள்ள அணியில் ஒருவருக்கு ஒரு சீசனில் இரண்டு தடவை முறை வரும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது, இதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை: அதிகம் கத்துகிறவருக்கே மேலங்கி முறை வரும் நாளில் அவர் கத்த முடியாது.

குறை உண்டு. பக்கத்து வீட்டுக்காரரை, தன் மகனின் வரிசைத் தோழனுடைய தகப்பனை, வெளியே போங்கள் என்று சொல்வது யாருக்கும் சுகமான வேலையில்லை. சிலர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதனால்தான் வெளியேற்றும் தீர்மானம் மேலங்கியின் கையில் இல்லை. விசில் ஊதியாகிவிட்டது, கடிகாரம் ஓடுகிறது, அவர் வெறும் தூதர். "நான் சொல்லவில்லை அண்ணை, விதி அப்படி" என்று சொல்லும் வசதி அவருக்கு வேண்டும். மனிதர்கள் அந்த வசதி இருந்தால்தான் செய்வார்கள்.

இரண்டு விஷயம் இதற்குள் அடங்காது

ஒன்று, இனத்துவேஷம். பழுப்பு நிறப் பிள்ளையைப் பார்த்துக் கூட்டத்தில் இருந்து ஒருவர் சொல்லக்கூடியதை இங்கே எழுதத் தேவையில்லை, வாசிக்கிறவர்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். ஹொக்கி கனடாவின் விதிப்புத்தகத்தில் ஆட்டக்காரரும் அணி அதிகாரிகளும் பாகுபாடாகப் பேசினால் கடுமையான தண்டனை உண்டு. கூட்டத்தில் இருப்பவருக்கு அதைவிட மென்மையான அளவு இருக்கக் காரணமே இல்லை. இதற்கு ஏணி கிடையாது, முதல் படி என்று ஒன்று கிடையாது. நேராக சீசன் தடை, மேல் அமைப்புக்கு அறிக்கை. 24 மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு கதைக்கலாம் என்று ஒரு பெற்றோரிடம் சொன்ன அணி ஒன்றை எனக்குத் தெரியும். அந்த விதி கோச்சோடு உள்ள மனத்தாங்கலுக்கு வந்தது, இதற்கல்ல.

மற்றது நம்முடைய சொந்தச் சரக்கு. கண்ணாடி ஓரத்தில் நின்று தமிழில் தன் பிள்ளையைத் திட்டுகிற தகப்பன்மார். நடுவருக்கு விளங்காது, பக்கத்து வெள்ளைக்காரப் பெற்றோருக்கு விளங்காது, எந்த விதியும் தொடாது. பிள்ளைக்கு விளங்கும். மேலங்கி போட்டவர் தமிழர் என்றால் அவருக்கும் விளங்கும், ஆனால் ஆட்டத்தை நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. வீட்டுக்குப் போகும் காரில் நடக்கும் இரண்டாவது ஆட்டத்துக்கும் எந்தச் சங்கமும் விதி எழுத முடியாது. 401 நெடுஞ்சாலையில் நெரிசல் இருந்தால் அது 50 நிமிடத்தையும் தாண்டும்.

மே மாதக் கூட்டத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ஆட்டத்தை நிறுத்துவதும் மேலங்கியும் 11 வயதுக்குட்பட்டோர், 13 வயதுக்குட்பட்டோர் பிரிவுகளுக்கு மட்டும், டிசம்பர் வரை பரீட்சார்த்தமாக. கண்ணாடி ஓரப் பலகை எல்லாப் பிரிவுக்கும். தடைகளின் அளவு எழுத்தில் வந்துவிட்டது, நேரப் பெட்டித் தெரிவையும் சேர்த்து. புள்ளிக் குறைப்பு இரண்டு வாக்கால் தோற்றது. அந்த மூன்று பேரும் டிசம்பரில் திரும்பக் கேட்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பழைய நடுவர் பட்டியலை எடுத்து, விட்டுப்போன பிள்ளைகளுக்குத் தொலைபேசி எடுக்கும் வேலை எனக்கு. முதல் ஆட்டத்துக்கான மஞ்சள் மேலங்கிப் பெயரும் என்னுடையதுதான். சனிக்கிழமை, காலை ஏழு மணி.